நாலு விரல் சாத்தாத கதவு

கிர்ர்ரீ...ச்.

— அம்மா!

அம்மா இல்ல சாமி, காத்து. காத்துக்கு வேற வேலை என்ன? நம்ம கதவை வந்து வந்து ஆட்டிப் பாக்கறதுதான். இரு, சாத்திட்டு வந்துடறேன்.

— சாத்தாதப்பா.

ஏன்?

— அம்மா வந்தா எப்படி உள்ள வருவா?

மில்லு வேன் முக்குல வந்து நிக்கும். உங்கம்மா இறங்குவா. தட்டுவா. நான் திறப்பேன். தினமும் அப்படித்தானே வர்றா?

— தினமும் நான் தூங்கிருவேன். எனக்கு எப்படித் தெரியும்?

அதுவும் சரிதான். சரி, முழுசாச் சாத்தல. நாலு விரல் திறந்திருக்கட்டும். போதுமா? போர்வையை இழுத்துப் போத்திக்க. ஏய், ஏய், அந்த வேப்பிலைக் கட்டு மேல காலைப் போடாதே. தண்டவாளத்து ஓரம் நீயும் நானும் அலைஞ்சு பறிச்சது அது. நாளைக்குக் காப்புக் கட்டணும்.

— ஏம்ப்பா மூணையும் சேத்தே கட்டறே?

வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. மூணும் ஒரே கொத்தாச் சேந்தாத்தான் அதுக்குக் காப்புன்னு பேரு. பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம், பொழுது விழறதுக்குள்ள வாசல்ல சொருகிடணும். ஏன்னு கேட்டா அதுக்கு ஒரு கதையே சொல்லணும். நான் கொத்துக் கட்டிக்கிட்டே சொல்றேன், நீ ம் கொட்டணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும்.

— ம்.

நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

— ஆரம்பி.

ஒரு ஊர்ல ஒரு கதவு இருந்துச்சாம்.

— ராஜா இல்லியா?

ராஜா இல்ல. ராஜாவா இருந்தாலும் கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வரணும். அதனால முதல்ல கதவு. நல்ல தேக்குமரக் கதவு. ஒரு பெரிய வீட்டுல எம்பது வருஷம் நின்ன கதவு. யாரு எப்ப வருவாங்க, எப்படித் தட்டுவாங்கன்னு அதுக்கு அத்துப்படி. பால்காரர் தட்டினா, டொக். ஊர்ல இருந்து மாப்பிள்ளை வந்து தட்டினா, டொக்கு டொக்குன்னு ரெண்டு. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைங்க வந்தா, தட்டறதே கிடையாது, டமார்!

— ம்.

அப்புறம் என்னாச்சு, அந்த வீட்டு ஆளுங்க ஒருத்தர் ஒருத்தரா வேற வேற ஊருக்குப் போயிட்டாங்க. வீட்டைப் பிரிச்சுட்டாங்க. ஓடு ஒரு பக்கம் போச்சு, உத்தரம் ஒரு பக்கம் போச்சு. கதவு மட்டும் ஒரு புளியமரத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு, போறவங்க வர்றவங்களையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்துச்சாம். யாரும் அதைத் தட்டல. மரத்துல சாஞ்ச கதவை யாரு தட்டுவா?

— நான் தட்டுவேன்.

நீ தட்டுவே. நீ இல்லியே அங்க.

அப்போ, கரட்டு அடியில ஒரு சின்ன வீடு. கரடுன்னா என்ன? கல்லும் முள்ளுமா ஒரு குட்டி மலை. அந்த வீட்டுல மாராத்தான்னு ஒருத்தி. அவ வீட்டுக்காரர் பேரு செங்கோடன். அவரு கரும்பு வெட்டற வேலைக்கு ரொம்ப தூரம் போயிருந்தாரு. போறப்போ என்ன சொல்லிட்டுப் போனாரு? "மாரா, காப்புக் கட்டற அன்னிக்கு எப்படியும் வந்துருவேன்"னு சொல்லிட்டுப் போனாரு. அப்போ அந்த வீட்டுக்குக் கதவே கிடையாது. வாசல்ல ஒரு கிழிஞ்ச சாக்குதான் தொங்கும்.

மாராத்தா என்ன பண்ணினா, ஊரு ஆடுங்க பின்னாலயே போய்ச் சேத்து வச்சிருந்த அஞ்சு வண்டி ஆட்டு எருவைக் குடுத்தா. அதுக்குப் பதிலா அந்தத் தேக்குக் கதவை வாங்கிட்டு வந்து மாட்டிட்டா. அவர் வந்து பாத்து அப்படியே வாயைப் பொளந்து நிக்கணும்னு ஆசை. கூட யாரு? ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. கறுப்புக் குட்டி, நெத்தியில மட்டும் வெள்ளையா ஒரு பொட்டு. அதனால அது பேரு சுட்டி.

— ம்மே.

ஆமா, ம்மே.

கதவை மாட்டியாச்சா? ராத்திரி சாத்தினா... கிர்ர்ரீச். நாலு விரல் மிச்சம் இருக்கறப்போ அப்படியே நின்னுக்கிச்சு. தள்ளறா. ம்ஹூம். முதுகை வச்சுத் தள்ளறா. ம்ஹூம். எண்ணெய் விட்டுப் பாத்தா. அம்மிக்கல்லைத் தூக்கி முட்டுக் குடுத்தா. காலையில எந்திரிச்சுப் பாத்தா, அம்மிக்கல்லு ஒரு முழம் தள்ளிக் கிடக்குது, கதவு பழையபடி நாலு விரல் திறந்திருக்குது. கதவே தள்ளி விட்டிருக்கு.

— ஏன்?

அதான் அவளுக்கும் தெரியல. தினமும் ராத்திரி சுட்டியை மடியில போட்டுக்கிட்டு, கதவோரமாவே உக்காந்து, தூங்கியும் தூங்காம கிடப்பா. தூரத்துல கரட்டு மேல இருந்து ஒரு நரி... ஊஊஊ...

— பயமா இருக்குப்பா.

பக்கத்துல வா. இப்ப சரியா? அந்த நரிக்கு அந்தக் குட்டி மேல ஒரு கண்ணு. ஆனா இன்னும் வீடு எதுன்னு அதுக்குத் தெரியாது.

இப்படியே நாலு மாசம் போச்சு. காப்புக் கட்டற நாளும் வந்துச்சு. மத்தியானம் மாராத்தா கதவு முன்னால வந்து இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னா. "ஏஞ்சாமி, எண்ணெயும் விட்டாச்சு, கெஞ்சியும் பாத்தாச்சு. உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லு."

கதவு வாயைத் திறந்துச்சு. கிர்ர்ரீ... "அந்த வீட்டுல வருஷா வருஷம் இன்னிக்கு எனக்குக் காப்புக் கட்டுவாங்க. வலது பக்கம் ஒரு கொத்து, இடது பக்கம் ஒரு கொத்து. மூணும் பச்சையா, அன்னிக்கே ஒடிச்சது. இங்க வந்து நாலு மாசம் ஆச்சு. எனக்குன்னு ஒரு இலை? ஒரு பூ?"

"கட்டினா சாத்திக்குவியா?"

"முதல்ல கட்டு. அப்புறம் பேசலாம்"னுச்சு கதவு.

ரொம்ப பிகு அதுக்கு. உன்னை மாதிரி.

— உன்னை மாதிரி.

சரி, ரெண்டு பேரையும் மாதிரி.

அப்புறம், சுட்டியைத் தனியா விட முடியாதில்ல? அதையும் கயித்துல புடிச்சுக்கிட்டு மாராத்தா கிளம்பிட்டா. டிக்கு டிக்கு டிக்குன்னு சுட்டி பின்னாலேயே நடக்குது. முதல்ல எங்க போனா? வேப்பமரத்துக்கு.

வேப்பமரம் மேல பச்சையா இருக்கு. கீழ பாத்தா ஒரு இலை கிடையாது, வெறும் குச்சி. மாராத்தா எட்டிப் பாக்கறா, குதிச்சுப் பாக்கறா, கைக்குச் சிக்கல. மரம் சலசலசலன்னு பேசுச்சு. "கீழ இருந்த கிளையையெல்லாம் வருஷம் பூரா யாரு மேஞ்சது?"

மாராத்தா குனிஞ்சு சுட்டியைப் பாத்தா. சுட்டி அக்கட்டால திரும்பிக்கிச்சு.

"மன்னிப்புக் கேளு"ன்னுச்சு மரம்.

மாராத்தா சுட்டியோட ரெண்டு காதையும் புடிச்சு, "கேளுடி"ன்னா. சுட்டி என்ன பண்ணும்? ம்மே. "ஒண்ணு"ன்னுச்சு மரம். ம்மே. "ரெண்டு." ம்ம்மேஏஏ. மரத்துக்குச் சிரிப்புத் தாங்கல. குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சதுல ஒரு கிளை படக்குன்னு ஒடிஞ்சு விழுந்துச்சு.

அதை எடுத்துத் தோள் மேல போட்டுக்கிட்டு மாராத்தா நடந்தா. பின்னால ஒரே சத்தம். கறுக் முறுக், கறுக் முறுக். இவளும் ஏதோ சருகு சத்தம்னு திரும்பிப் பாக்காமலே போறா. கொஞ்ச தூரம் போயிட்டுத் தோளைப் பாத்தா, வெறும் குச்சிதான் இருக்கு! இலை எங்க?

— சுட்டி தின்னுருச்சு!

தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஏப்பம் விடுது. ஆட்டை வளக்கறவளே வேப்பங்கொழையைப் பின்னால தொங்க விட்டுக்கிட்டு ஆட்டைக் கூட்டிட்டுப் போலாமா? அவசரத்துல அவளுக்கு அது மறந்துருச்சு. திரும்பவும் மரத்துக்கிட்ட ஓடினா. மரம் இவளைப் பாத்ததும் இன்னும் சிரிச்சுச்சு. இன்னொரு கிளை விழுந்துச்சு. இந்த வாட்டி தலை மேல வச்சுக்கிட்டா.

அப்போ, புதருக்குள்ள இருந்து ஒரு மூக்கு எட்டிப் பாத்துச்சு. அப்புறம் ரெண்டு காது. நரி!

"ஏந் தங்கச்சி, இந்த வெயில்ல எங்க கிளம்பிட்டே?"

"எங்க வீட்டுக் கதவுக்குக் காப்புக் கட்டணும் நரியண்ணா. அந்தா கரட்டு அடியில, தனியா ஒரு வீடு தெரியுது பாரு, அதான்."

— ஐயோ! ஏன் சொன்னா?

அவளுக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. கேட்டா சொல்லிருவா. உங்கம்மா மாதிரி.

— ம்.

அப்புறம் எங்க போனா? பூளைப்பூவுக்கு. குளத்து மேட்டுல, தரையோட தரையா முளைச்சுக் கிடக்கும். வெள்ளை வெள்ளையா. நீ கூட இன்னிக்குப் பாத்துட்டு, "பல்லு தேய்க்கற பிரஷ்ஷு மாதிரி இருக்கு"ன்னு சொன்னியே, அதேதான். மாராத்தா போய்ப் புடுங்கறா, வர மாட்டேங்குது. இத்துனூண்டு செடி, ஒரு விரல்ல இழுத்தா வந்துரும், ஆனா வரல.

"எல்லாரும் என்னை மிதிச்சுக்கிட்டுப் போறாங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்தான் தேடிக்கிட்டு வர்றீங்க"ன்னு பூளைச்செடி முணுமுணுன்னு சொல்லுச்சு. "எனக்கு வாசமும் இல்ல, நிறமும் இல்ல. உக்காரு. உக்காந்து என்னைப் பாத்து ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லு. அப்புறம் வர்றேன்."

பொழுது போயிட்டே இருக்கு. தலையில வேப்பங்கொழை. ஒரு கையில ஆட்டுக்குட்டி. ஆனாலும் மாராத்தா உக்காந்தா. நல்லாக் குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் பாத்துட்டுச் சொன்னா, "எங்கம்மா தலையில கடைசிக் காலத்துல இப்படித்தான் முடி இருந்துச்சு. நான் எண்ணெய் தேச்சு விட்டா, அப்படியே என் மடியில தூங்கிருவா."

பூளைச்செடி மேல அவ கையை வச்சா. தானா வந்துருச்சு.

— ம்.

எந்திரிச்சுத் திரும்பினா, நரி!

"தங்கச்சி, ஒண்டிப் பொம்பளை, வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தே?"

"எங்க நரியண்ணா, அந்தக் கதவு சாத்தவே மாட்டேங்குதே! நாலு விரல் திறந்தேதான் கிடக்குது."

நரி நாக்கால மூக்கை நக்கிக்கிச்சு. "அடப் பாவமே"ன்னுச்சு.

அப்புறம் மூணாவது? ஆவாரம்பூ. அது எங்க இருக்கு? கரட்டு மேல. கல்லு இடுக்குல. ஏறறா, ஏறறா, மூச்சு வாங்க ஏறறா. சூரியன் இந்தப் பக்கம் இறங்கறான், இவ அந்தப் பக்கம் ஏறறா. மேல போய்ப் பாத்தா, ஊரே வந்து பறிச்சுட்டுப் போயிருக்கு. செடியெல்லாம் மொட்டை. ஒரே ஒரு செடியில, மஞ்ச மஞ்சேர்னு, ரெண்டே ரெண்டு கொத்து.

"அப்பாடா, வலது பக்கத்துக்கு ஒண்ணு, இடது பக்கத்துக்கு ஒண்ணு"ன்னு கையை நீட்டினா.

"ஒண்ணு எடுத்துக்க. ஒண்ணை விட்டுரு"ன்னுச்சு ஆவாரை.

"ஏன்?"

"பின்னால வர்றவங்களுக்கு."

"பொழுது விழப்போகுது. இந்தக் கல்லுக்காட்டுல எனக்குப் பின்னால யாரு வரப்போறா?"

"அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விட்டுட்டுப் போ."

மாராத்தா ஒரு கொத்தை ஒடிச்சா. இன்னொரு கொத்து மேல கை போச்சு. யாரும் பாக்கல. ஒடிச்சா ஆவாரை என்ன, ஓடியா வந்து புடுங்கும்? கை அங்கயே கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் எடுத்துட்டா.

— பூவையா?

கையை. பூவை விட்டுட்டா.

இறங்கி வர்றப்போ, பாறைக்குப் பின்னால, நரி! "தங்கச்சி, உன் வீட்டுக்காரரைக் காணமே? அவரு பேரு என்ன?"

"செங்கோடன். கரும்பு வெட்டப் போயிருக்காரு. இன்னிக்கு வந்துருவாரு."

"இன்னிக்கா? சந்தோஷம், சந்தோஷம்"னு நரி வாலைச் சுருட்டிக்கிட்டுப் போச்சு. எங்க போச்சு?

— ...

தூங்கிட்டியா?

— இல்ல. வீட்டுக்குப் போச்சு. அவ வீட்டுக்கு.

ஆமா. குறுக்கு வழியில போய் விறகுக் குவியலுக்குப் பின்னால உக்காந்துக்கிச்சு.

மாராத்தா ஓட்டமும் நடையுமா வந்து சேந்தா. கட்ட நார் இல்ல. சுட்டியோட கழுத்துக் கயித்துல ஒரு புரியைப் பிரிச்சு எடுத்தா. வேப்பிலையைக் கீழ வச்சா, அது மேல பூளை, நடுவுல ஆவாரம். இப்ப நான் கட்டறேன் பாரு, இப்படித்தான், மூணு சுத்துச் சுத்தி ஒரு இறுக்கு. கதவோட வலது பக்கம் சொருகினா. இடது பக்கம் வெறுமையா இருந்துச்சு. "ஒரு கொத்துதான் கிடைச்சது சாமி. கோச்சுக்காதே. இப்பவாவது சாத்திக்க"ன்னு தள்ளினா.

கிர்ர்ரீச்.

நாலு விரல்.

— ஏன்ப்பா! கட்டிட்டாளே!

அவளுக்கும் அழுகையே வந்துருச்சு. "இன்னும் என்ன?"ன்னு கேட்டா. கதவு மெதுவாக் கேட்டுச்சாம், "எல்லாரும் உள்ள வந்தாச்சா?"

அந்தப் பெரிய வீட்டுல தினமும் சாயங்காலம் ஒரு ஆத்தா வாசல்ல நின்னு எல்லாரையும் பேரைச் சொல்லிக் கூப்பிடுமாம். எல்லாரும் உள்ள வந்த பின்னாடிதான் கதவைச் சாத்தும். யாராவது ஒருத்தர் வரலைன்னா, கதவுக்கு அது தெரியும். நாலு விரல் விட்டு வைக்கும். அந்த வீட்டு ஆளுங்க போனவங்க போனவங்கதான். யாரும் திரும்பி வரல. அதுல இருந்து கதவுக்கு முழுசாச் சாத்தவே மனசு வரல.

மாராத்தா என்ன சொல்லுவா? பொய் சொல்லத் தெரியாதே. "இல்ல, எங்க வீட்டுக்காரர் இன்னும் வரல"ன்னா.

"அப்போ எப்படிச் சாத்தறது? அவர் வந்து நின்னா?"

வெளிய விறகுக் குவியல்கிட்டச் சரக்குன்னு ஒரு சத்தம். சுட்டி அவ காலுக்கு நடுவுல வந்து ஒண்டிக்கிச்சு.

மாராத்தா நெத்தியைக் கதவுல சாச்சுக்கிட்டுச் சொன்னா. "நாலு மாசம் முன்ன வரைக்கும் இங்க சாக்குதான் தொங்குச்சு. சாக்கைத் தட்ட முடியுமா? யாரு வந்தாலும் தெரியாது. காத்து வந்தாலும் ஒண்ணுதான், அவர் வந்தாலும் ஒண்ணுதான். இப்பத்தான் எனக்குன்னு நீ வந்திருக்கே. நீ சாத்தியிருந்தாத்தான் அவர் வந்து தட்டுவாரு. தட்டினாத்தான் நான் எந்திரிச்சு ஓடியாந்து திறப்பேன்."

கதவு யோசிச்சுச்சு. அதை யாரும் தட்டி எத்தனை நாளாச்சு!

கிரீ... டக்.

— சாத்திருச்சா?

சாத்திருச்சு. முழுசா. அதே நேரம் விறகுக் குவியல்ல இருந்து நரி பாய்ஞ்சு வந்துச்சா, மூக்கு நேராக் கதவு மேல, ணங்!

— ஹி ஹி.

சிரிக்காதே, மூக்கு அதுக்குத்தான் வலிக்கும். ஆனா நரி அதோட போயிருமா? தொண்டையைச் செருமிக்கிச்சு. முன்னங்காலைத் தூக்கி, டொக் டொக். "ஏம் புள்ள, நான்தான் செங்கோடன் வந்திருக்கேன். கதவைத் திற."

கதவு நடுங்குச்சு. அதுக்கு அவர் குரல் தெரியாதே, கேட்டதே இல்லியே. "திறக்கட்டுமா?"ன்னு மாராத்தாகிட்டக் கேட்டுச்சு.

"ஏனுங்க, குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"கரும்பு தின்னு தின்னு தொண்டை கட்டிக்கிச்சு."

மாராத்தாவுக்கு ஒரு பக்கம் ஆசை, ஒரு பக்கம் பயம். தாப்பாள் மேல கையை வச்சுக்கிட்டுக் கேட்டா, "கையில என்ன கொண்டாந்திருக்கீங்க?"

"பட்டுச் சேலை!"ன்னுச்சு நரி.

இவ பேசல.

"ஒரு மூட்டை வெல்லம்!"

இவ பேசல.

"வெள்ளிக் கொலுசு! உனக்கு ரெண்டு, ஆட்டுக்குட்டிக்கு நாலு!"

மாராத்தா சிரிச்சுட்டா. "எங்க வீட்டுக்காரர் சந்தைக்குப் போய் நல்ல மொச்சைக்காய் வாங்கிட்டு வந்தாலே, நல்லாருக்குமோ இருக்காதோன்னு வாசல்லயே நின்னு தலையைச் சொறிவாரு. இவ்வளவு வாய் அவருக்கு ஏது? போ நரியண்ணா, மூக்குக்கு மஞ்சப் பத்துப் போடு"ன்னுட்டா.

நரிக்கு ஒரே வெக்கம். வாலைத் தொங்க விட்டுக்கிட்டுக் கரட்டு மேல போயிருச்சு.

— ம்.

அப்புறம்... விளக்கு வச்சா. காத்திருந்தா. யாரும் வரல. உலையில தண்ணி கொதிச்சு, அடங்கி, திரும்பவும் கொதிச்சுது. யாரும் வரல. சுட்டி தூங்கிருச்சு. மாராத்தா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. வெளிய ஏதாவது சருகு விழுந்தாக்கூட அவளுக்குக் கால் சத்தம் மாதிரியே கேக்கும். காத்திருக்கறவங்களுக்கு அப்படித்தான்.

— ...

அம்மிணி?

— ம். வந்தாரா?

டொக்.

ஒண்ணே ஒண்ணு. அதுவும் மெதுவா. தட்டலாமா வேண்டாமான்னு பயந்துக்கிட்டே தட்டின மாதிரி. அப்புறம் ஒரு குரல். "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த எடத்துல மாராத்தான்னு ஒருத்தங்க வீடு இருந்துச்சுங்க. சாக்குத் தொங்குமுங்க. இப்ப அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியுமுங்களா?"

— ஐயோ, அவரு வீடு தெரியாம நிக்கறாரு!

பாவம். கதவு இருக்கறதைப் பாத்துட்டு வேற யாரோ வீடுன்னு நெனச்சுட்டாரு. மாராத்தாவுக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. ஆனா நரியும் குரலை மாத்தத் தெரிஞ்சதுதானே? அதனால கேட்டா. "கையில... கையில என்ன இருக்குதுங்க?"

வெளிய கரகரன்னு தலையைச் சொறியற சத்தம். அப்புறம் அவர் சொன்னாரு. "ஒண்ணும் வாங்கிட்டு வர முடியலீங்க. வெறுங்கைதான். வர்ற வழியில கரட்டு மேல எல்லாச் செடியும் மொட்டையா நின்னுச்சு. ஒரே ஒரு செடியில, ஒரே ஒரு கொத்து ஆவாரம்பூ இருந்துச்சுங்க. எங்க வீட்டுல அவ ஒண்டியா என்னத்தைப் பறிச்சிருப்பாளோன்னு, அதை ஒடிச்சுட்டு வந்தேன். அவ்வளவுதான்."

— அவ விட்டுட்டு வந்ததா?

அவ விட்டுட்டு வந்ததேதான்.

மாராத்தா தாப்பாளைத் தொடவே இல்ல. கதவு தானாத் திறந்துக்கிச்சு. கிரீச்னு ஒரு சத்தம் இல்ல. அப்படியே விரியத் திறந்துக்கிச்சு.

அவரு கதவைப் பாத்து வாயைப் பொளந்தாரா இல்லியான்னு யாருக்குத் தெரியும்? மாராத்தா அவர் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு நின்னா. கறுத்துப் போய், இளைச்சுப் போய், கையெல்லாம் கரும்புச் சோகை கீறின தழும்பு. அந்தக் கையில மஞ்சளா ஒரு கொத்து.

— அப்பா.

ம்?

— பின்னால வர்றவங்களுக்கு விடணும்ல? அவரு கடைசியையும் பறிச்சுட்டாரே. அவருக்குப் பின்னால யாராவது வந்தா?

யாரும் வரல சாமி. அன்னிக்கு அந்த வழியில கடைசியா வந்தவரு அவருதான்.

அந்தக் கொத்தோட மிச்ச வேப்பிலையும் பூளையும் சேத்து, ரெண்டு பேருமாக் கட்டி, இடது பக்கம் வெறுமையா இருந்துச்சே, அங்க சொருகினாங்க. கதவு கேட்டுச்சு, "எல்லாரும் உள்ள வந்தாச்சா?" மாராத்தா சொன்னா, "மாராத்தா வந்தாச்சு. சுட்டி வந்தாச்சு. செங்கோடன் வந்தாச்சு. எல்லாரும் உள்ள வந்தாச்சு."

டக்.

— ...

அம்மிணி?

— ...

ட்ர்ர்ர்... முக்குல வேன் வந்து நின்னுருச்சு. சரி, நீ தூங்கு.

கிர்ர்ரீச்.

— யாரு?

— நான்தான். என்னங்க, கதவைத் திறந்து போட்டுட்டு உக்காந்திருக்கீங்க? இவ இன்னுமா தூங்கல?

கண்ணு மூடித்தான் இருக்கு. வாய் மட்டும் முழிச்சிருக்கு.

— கையில என்ன?

— என்னடி கேக்கறே? கையில என்ன இருக்கும், சோறு கொண்டு போன தூக்குப்போசிதான்.

— வேற?

— வேற ஒண்ணுமில்ல தங்கம். வெறுங்கை. இரு, தொடாதே, பஞ்சு ஒட்டியிருக்கு. கையெல்லாம் பஞ்சு. தலையெல்லாம் பஞ்சு. கழுவிட்டு வர்றேன்.

— காட்டு.

— இந்தா.

— பூளைப்பூ.

— என்ன சொல்றா இவ?

— அப்பா. கதவைச் சாத்து.

சாத்தறேன். டக். சாத்தியாச்சு. எல்லாரும் உள்ள. கதை வாசலோட நின்னுக்கிச்சு, தூக்கம் மட்டும் உள்ள வரட்டும்.

— தூங்கிட்டா. என்ன கதை சொன்னீங்க, ஏதோ பூளைப்பூங்கறா?

காலையில அவளே சொல்லுவா. சோறு மூடி வச்சிருக்கேன், கை கழுவிட்டு உக்காரு. அந்த நாரைக் கொஞ்சம் இப்படித் தள்ளு. இன்னும் நாலு கொத்து பாக்கி இருக்கு.